புதிதாக ஆள் சேர்க்க வந்தவர்களுக்கு: கல்லூரி முடித்தவர்களை வசதி குறைந்த பள்ளிகளில் ஆசிரியர்களாகச் சேர்ப்பது எப்படி

"பள்ளி திறக்கும்போது இருபது பேர் வேண்டும்" என்று சொல்லி இந்த வேலையை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். நீங்களே ஓரிரு வருடம் அப்படி ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கலாம், இல்லையென்றால் ஏதோ கம்பெனியின் ஹெச்.ஆர். வேலை அலுத்துப்போய் வந்திருக்கலாம். எப்படி வந்தாலும் முதல் வாரம் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: போஸ்டர் டிசைன் செய்ய உட்காருவது. நானும் உட்கார்ந்தேன். மூன்று நாள் போனது, வண்ணம் சரியில்லை என்று நான்காவது நாளும் போனது.

போஸ்டரை மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் மேலாளர் கேட்கப்போவது, பள்ளி திறந்த அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று. பிள்ளைகளுக்கு வேண்டிய கணக்கு வேறு. அரையாண்டுத் தேர்வின் விடைத்தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்க அதே ஆசிரியர் இருக்கிறாரா, அவ்வளவுதான் அவர்களுக்கு. இருபது பேர் சேர்ந்து ஆறு பேர் நடுவில் போய்விட்டால் உங்கள் எக்செல் தாளில் அது முப்பது சதவீதம். அந்த ஆறு வகுப்புகளில் அது நூறு சதவீதம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த இரண்டாவது கணக்கை மனதில் வைத்துச் சொன்னவைதான்.

முதல் வேலை: கல்லூரிக்குப் போகுமுன் பள்ளிக்குப் போங்கள்

யாரைச் சேர்க்கப்போகிறோம் என்பதற்கு முன்னால் எங்கே அனுப்பப்போகிறோம் என்று தெரிய வேண்டும். அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கும், பள்ளியின் பெயர், பக்கத்தில் "கணிதம் 2, அறிவியல் 1" என்று. அதை நம்பி இறங்காதீர்கள். பட்டியல் தயாரான பிறகு ஒருவர் மாறுதலில் போயிருப்பார், ஒருவர் நீண்ட விடுப்பில் இருப்பார், கணிதம் என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் கணிதமும் அறிவியலும் விளையாட்டு வகுப்பும் ஒரே ஆள் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பள்ளியிலும் அரை நாள் உட்காருங்கள். நான் போன ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே கால அட்டவணைப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புக் கணிதக் கட்டத்தில் மட்டும் ஆசிரியர் பெயர் எழுதிய துண்டுத்தாள் புடைத்துக்கொண்டு நின்றது. ஒரு பெயர் மேல் இன்னொரு பெயர், அதன் மேல் இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி, விரலை வைத்தால் அட்டை மாதிரி தடிமன். ஓரத்தை நகத்தால் நெம்பி எண்ணிப் பார்த்தேன், ஐந்து. தலைமை ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. நான் எண்ணி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க அனுப்புற ஆளு எத்தனாவது மாசம் போவாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லத்தான் இந்த அரை நாள். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை பிள்ளைகள், பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி என்ன, கடைசியாக இருந்தவர் ஏன் போனார், புதிதாக வருகிறவருக்கு உதவக்கூடிய மூத்த ஆசிரியர் யார். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லையென்றால் அந்தப் பள்ளிக்கு ஒற்றை ஆளை அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது உண்மையிலேயே காலியிடமா, அல்லது சம்பளம் கூடுதலான நிரந்தர ஆசிரியரை எடுத்துவிட்டு உங்கள் ஆளைக் குறைந்த செலவில் உட்கார வைக்கும் ஏற்பாடா? இரண்டாவது என்றால் விலகிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் முதல் நாளே உங்கள் ஆளுக்கு எதிரிகள் இருப்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

ஒரு பக்கத் தாள்

பள்ளிகளைப் பார்த்து வந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மாதம் கையில் எவ்வளவு வரும், அது சம்பளமா ஊக்கத்தொகையா, எத்தனை மாதக் கடப்பாடு, தங்குவதற்கு யார் ஏற்பாடு, விடுப்பு எத்தனை நாள், நடுவில் விலகினால் என்ன ஆகும், முடித்த பிறகு கையில் என்ன சான்றிதழ் இருக்கும். எதையும் பூசி மெழுகாதீர்கள். "போட்டித்தன்மை வாய்ந்த ஊதியம்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு அது குறைவு என்று புரிந்துவிடும், கூடவே நீங்கள் மறைக்கிறீர்கள் என்பதும் புரிந்துவிடும்.

சட்டப் பக்கத்தை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். ஆசிரியப் பயிற்சிப் பட்டம் இல்லாதவர் வகுப்பில் தனியாக நின்று பாடம் நடத்தலாமா என்பது நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் தற்காலிக உரிமம் வாங்கிக்கொண்டு வேலை செய்தபடியே படிக்க வேண்டும், சில இடங்களில் துணை ஆசிரியராக மட்டும்தான் இருக்க முடியும். வேலை வாக்குறுதி கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒரு இளைஞரின் ஒரு வருடம் வீணாகும், உங்கள் பெயரும் அந்தக் கல்லூரியில் கெடும்.

மாணவர்கள் கேட்கப்போகும் வரலாறு

கல்லூரியில் விவரம் தெரிந்த ஒருவராவது "இது அந்த அமெரிக்கத் திட்டம் மாதிரிதானே?" என்று கேட்பார். கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெண்டி காப் என்ற மாணவி 1989இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தன் இறுதியாண்டு ஆய்வேட்டில் எழுதிய யோசனைதான், கல்லூரி முடித்தவர்களை இரண்டு வருடம் வசதி குறைந்த பள்ளிகளில் பாடம் நடத்த அனுப்பும் டீச் ஃபார் அமெரிக்கா. மறு ஆண்டே, 1990இல், சுமார் 500 பேரோடு முதல் அணி வகுப்புகளுக்குப் போனது. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். விடுதி அறைக் கதவுகளுக்கு அடியில் துண்டறிக்கைகளைத் தள்ளிவிட்டுத்தான் ஆள் திரட்டினார்கள். இங்கிலாந்தில் டீச் ஃபர்ஸ்ட் 2002இல் வந்தது, இந்தியாவில் டீச் ஃபார் இந்தியாவின் முதல் அணி 2009இல். இப்படிப்பட்ட அமைப்புகளை இணைக்கும் டீச் ஃபார் ஆல் 2007இல் தொடங்கி இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அதற்கெல்லாம் முன்பே, 1965இல், அமெரிக்க அரசு தேசிய ஆசிரியர் படை என்று இதே எண்ணத்தோடு ஒன்றை நடத்தியிருக்கிறது. அதனால் யோசனை புதிது என்று யாரிடமும் பெருமையடிக்க வேண்டாம்.

இந்தக் கதையில் ஆள் சேர்ப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியர் வேலையைக் "கிடைப்பது கடினம்" என்று காட்டியதால்தான் பெரிய கல்லூரி மாணவர்கள் வரிசையில் வந்தார்கள். 2013இல் டீச் ஃபார் அமெரிக்காவுக்கு 57,000க்கு மேல் விண்ணப்பங்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் தொடர்ந்து சரிவு. பொருளாதாரம் தேறி வேறு வேலைகள் பெருகியது ஒரு காரணம், திட்டத்தைப் பற்றிய விமர்சனம் வலுத்தது இன்னொன்று. கௌரவத்தைக் காட்டி இழுத்த கூட்டம், அதைவிடக் கௌரவமான ஒன்று கிடைத்தால் அந்தப் பக்கம் நகரத்தான் செய்யும். நீங்கள் சின்ன அமைப்பு என்றால் அந்த வழியில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம்.

விமர்சனத்தையும் படித்து வையுங்கள். சில வாரப் பயிற்சியோடு அனுபவமில்லாதவர்களை, அனுபவமுள்ள ஆசிரியர் அதிகம் தேவைப்படும் பிள்ளைகளிடமே அனுப்புகிறார்கள் என்று லிண்டா டார்லிங்-ஹாமண்ட் போன்ற கல்வியாளர்கள் 1990களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். பலர் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. மறுபக்கம், மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஒப்பீட்டில், டீச் ஃபார் அமெரிக்கா ஆசிரியர்களிடம் படித்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதே பள்ளிகளின் மற்ற வகுப்புப் பிள்ளைகளைவிடக் கணிதத்தில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு அளவுக்கு முன்னால் இருந்தார்கள், வாசிப்பில் வித்தியாசமே இல்லை. அதாவது மாயமும் இல்லை, மோசமும் இல்லை. ஒரு மாணவர் எழுந்து இதைக் கேட்டால் சமாளிக்காமல் இதையே சொல்லுங்கள். அப்படிக் கேட்கிற மாணவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நல்ல ஆசிரியராக வரக்கூடியவர் அவர்தான்.

யாரைத் தேடுவது

மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வராதீர்கள். பாட அறிவு வேண்டும், அதில் சமரசமில்லை. உயர் வகுப்புக் கணிதம் எடுக்கப்போகிறவருக்குக் கணிதம் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு அளவுக்கு மேல் மதிப்பெண் ஒன்றும் சொல்வதில்லை. ஏஞ்சலா டக்வொர்த் என்ற உளவியலாளரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 390 புது ஆசிரியர்களை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், வருடத் தொடக்கத்தில் விடாமுயற்சியிலும் வாழ்க்கைத் திருப்தியிலும் கூடுதலாக இருந்தவர்களின் மாணவர்கள் வருடக் கடைசியில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். விடாமுயற்சி சரி, வாழ்க்கைத் திருப்தி எனக்கே ஆச்சரியம்தான். யோசித்துப் பார்த்தால் பொருந்துகிறது. தன் வாழ்க்கையில் உள்ள ஓட்டையை அடைக்கப் பிள்ளைகளைத் தேடி வருகிறவர், பிள்ளைகள் நன்றி காட்டாத முதல் வாரத்திலேயே உடைந்துபோகிறார்.

நான் பார்ப்பது மூன்று. ஒன்று, வெறுத்துப்போன பிறகும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் தொடர்ந்த ஒரு வேலை, அது பகுதி நேர வேலையாக இருக்கலாம், தம்பி தங்கையை வளர்த்ததாக இருக்கலாம், தோற்றுக்கொண்டே இருந்த ஒரு கைப்பந்து அணியாக இருக்கலாம். இரண்டு, குறை சொன்னால் முகம் எப்படிப் போகிறது. மூன்று, பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இரக்கம் தெரிகிறதா ஆர்வம் தெரிகிறதா. அப்படிப்பட்ட பள்ளியிலேயே படித்து வந்தவர்களைத் தனியாகத் தேடிப் போங்கள். அவர்கள் உங்கள் கூட்டத்துக்குத் தாமாக வர மாட்டார்கள், ஏனென்றால் வீட்டில் முதல் சம்பளத்துக்குக் காத்திருப்பார்கள், இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கான சேவை என்று நினைத்திருப்பார்கள். ஒரு பக்கத் தாளில் தொகையைப் பச்சையாக எழுதச் சொன்னது இவர்களுக்காகவும்தான். அந்தத் தொகையில் வீட்டுக்கு ஏதும் அனுப்ப முடியாது என்றால், சிக்கல் உங்கள் பிரச்சாரத்தில் இல்லை, தொகையில் இருக்கிறது. அதை மேலே எடுத்துப் போய்ச் சண்டை போடுங்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

பள்ளி திறக்கும் நாளை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பயிற்சி, அதற்கு முன் ஆவணச் சரிபார்ப்பு, அதற்கு முன் தேர்வு நாட்கள், அதற்கு முன் விண்ணப்பம், அதற்கு முன் கல்லூரிச் சுற்று. கூட்டிப் பார்த்தால் ஒன்பது பத்து மாதம் வந்துவிடும். கம்பெனிகள் அதற்கும் முன்னால் வந்து போயிருக்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விண்ணப்ப வாசலை ஒரே தடவை திறந்து மூடாமல் மூன்று தடவை திறங்கள். கடைசித் தடவையில் வருகிறவர்களை மிச்சம் மீதி என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. கையில் வேலை இருந்தும் மனசு ஒட்டாமல் யோசித்து யோசித்து வருகிறவர்கள் அப்போதுதான் வருகிறார்கள்.

கல்லூரிக்குள்

பெரிய அரங்கத்தில் முந்நூறு பேரைக் கூட்டி வீடியோ காட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், புகைப்படத்துக்கும் உதவும். பின் வரிசையில் இருப்பவர்கள் வருகைப் பதிவுக்காக வந்தவர்கள். அகல உழுவதைவிட ஆழ உழுவது இங்கே அப்படியே பொருந்தும். பேராசிரியர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பேசுங்கள், பிறகு வெளியே நில்லுங்கள். தானாக வந்து கேள்வி கேட்கும் நாலு பேர்தான் அன்றைய வரவு. அவர்களோடு தனித்தனியே இருபது நிமிடம்.

பேராசிரியரிடம் "நல்ல மாணவர்களின் பட்டியல் கொடுங்கள்" என்றால் முதல் மதிப்பெண்காரர்களின் பட்டியல் வரும். கேள்வியை மாற்றுங்கள்: "பரீட்சைக்கு முன் மற்றவர்கள் யாரிடம் போய்ப் பாடம் கேட்கிறார்கள்?" பேராசிரியருக்குத் தெரியாவிட்டாலும் விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

உங்களோடு ஒரு நடப்பு ஆசிரியரை அழைத்துப் போங்கள். அலுவலகம் எப்போதும் விருது வாங்கியவரைத்தான் அனுப்பப் பார்க்கும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதத்தில் இருப்பவரைக் கேளுங்கள், கொஞ்சம் களைத்துப் போனவர், ஆனால் விட்டுவிடாதவர். அப்படி நான் அழைத்துப்போன ஒரு பெண்ணிடம் "ரொம்பக் கஷ்டமான நாள் எது?" என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் யோசிக்காமல், "ஒரு மணி நேரம் தயார் பண்ணின பாடம், எட்டு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. மீதி முப்பத்தி ரெண்டு நிமிஷம் நான் என்ன பண்ணேன்னு கேளுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு யாருமே வீடியோவைப் பற்றிக் கேட்கவில்லை, அந்த முப்பத்திரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

கஷ்டத்தை முன்கூட்டியே சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று பயப்படுவார்கள். சிலர் ஓடுவார்கள், ஓடட்டும். ஜான் வானஸ் என்பவர் 1970களில் தொலைபேசி இயக்குநர் வேலைக்கு வந்தவர்களுக்கு வேலையின் சலிப்பையும் சேர்த்துப் படமாகக் காட்டிப் பார்த்தார். வேலையின் உண்மை முகத்தைக் காட்டுவது பற்றி அதற்குப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளுக்கு அது ஒரு தொடக்கம். ஆய்வு இல்லாவிட்டாலும் இது பொது அறிவுதான். ஓடுகிறவர் கல்லூரி வராந்தாவிலிருந்து ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை, வகுப்பிலிருந்து ஓடினால் அந்த வகுப்புக்கே நஷ்டம்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. "ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்ற வாருங்கள்" என்று எழுதாதீர்கள். அழுக்குச் சட்டையோடு ஒரு பிள்ளை காமிராவை அண்ணாந்து பார்க்கும் படம் வேண்டாம். அந்தப் பிள்ளையின் அம்மாவும் போன் வைத்திருக்கிறார், அந்தப் படத்தைப் பார்ப்பார். "உங்கள் ரெஸ்யூமேக்கு நல்லது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள்.

வீட்டில் சம்மதிக்கவில்லை என்று சிலர் தயங்குவார்கள். பெற்றோரோடு நீங்களே பேச முன்வாருங்கள், ஆனால் அவர்களுக்கு உபதேசம் வேண்டாம். அவர்கள் கேட்பது மூன்றே மூன்று: பாதுகாப்பாக இருக்குமா, எங்கே தங்குவது, இதற்கு அப்புறம் என்ன. மூன்றுக்கும் உறுதியான பதில் இருந்தால் பேச்சு பதினைந்து நிமிடத்தில் முடியும்.

விண்ணப்பப் படிவம்

சின்னதாக வையுங்கள், மொபைலில் நிரப்ப முடிய வேண்டும், பாதியில் சேமிக்க முடிய வேண்டும். நீளமான கட்டுரைக் கேள்விகள் நாலு வைத்தால் எழுதத் தெரிந்தவர் வருவார், கற்பிக்கத் தெரிந்தவர் பாதியில் விட்டுவிடுவார். இப்போது கட்டுரையை எழுதித் தரச் செயலிகளும் இருக்கின்றன. கட்டுரைக் கேள்வி ஒன்றே ஒன்று போதும். பாதியில் நின்றவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

தேர்வு நாள்

இங்கேதான் அதிகம் செலவழிக்க வேண்டும், நேரத்தையும் ஆளையும். நேர்காணலில் பேசிப் பழகியவர் எல்லோரையும் மயக்கிவிடுவார். அதனால் முதலில் வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். ஏழு நிமிடம், ஒரு சின்னக் கருத்து, நாங்கள் மூன்று பேர் மாணவர்களாக உட்காருவோம். முடிந்ததும் ஒரே ஒரு குறையைச் சொல்லிவிட்டு, பத்து நிமிட இடைவெளி கொடுத்து, அதே பாடத்தை மறுபடி நடத்தச் சொல்வோம். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இரண்டாவது தடவைக்கு.

ஒருநாள் இரண்டு பேர் அடுத்தடுத்து பின்னக் கூட்டல் எடுத்தார்கள். மாணவராக உட்கார்ந்திருந்த நான் இருவரிடமும் ஒரே தவறான பதிலைச் சொன்னேன்: அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. முதலாமவர் கம்பீரமான குரல், தெளிவான கையெழுத்து. "தவறு, கீழே உள்ள எண்களைச் சமப்படுத்த வேண்டும்" என்று விதியை எழுதினார். இரண்டாமவர் கை நடுங்கியது, அவரும் அதையேதான் எழுதினார், அதுவும் பாதி அழிந்தபடி. இருவரிடமும் ஒரே குறையைச் சொன்னோம்: அந்த மாணவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று நீங்கள் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து முதலாமவர் அதே பாடத்தை இன்னும் அழகாக, இன்னும் சத்தமாக நடத்தினார். இரண்டாமவர் நான் பதில் சொன்னதும் நிறுத்தினார். "எப்படி வந்துச்சு?" என்றார். மேலே மேலே கூட்டினேன், கீழே கீழே கூட்டினேன் என்றேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு ஒரு செவ்வகம் வரைந்து, பாதியை நிழலடித்து, "இது அரை. ஐந்தில் இரண்டு இதைவிடப் பெருசா, சின்னதா?" சின்னது. "அப்போ அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, அரையைவிடக் கொறஞ்சு போச்சா?" எனக்கு விடை தெரியும், இருந்தாலும் ஒரு நொடி மாணவனாகவே விழித்தேன். யாரை எடுத்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நேர்காணல். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொன்றுக்கும் எது நல்ல பதில் எது சுமாரான பதில் என்று முன்பே எழுதி வைத்த அளவுகோல். இது கொஞ்சம் வறட்சியாகத் தெரியும், ஆனால் மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட இது நம்பகமானது என்று ஷ்மிட், ஹண்டர் என்ற ஆய்வாளர்கள் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். 2022இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு அந்தக் கணக்கையெல்லாம் மறுபடி போட்டபோதும், வேலையில் யார் தேறுவார் என்று கணிப்பதில் சராசரியில் முதலிடம் இப்படி வரையறுத்த நேர்காணலுக்குத்தான். நேர்காணல் எடுப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அறையில் மூத்தவர் உதட்டைப் பிதுக்கினால் எல்லோருடைய மதிப்பெண்ணும் பிதுங்கும்.

நான் விடாமல் கேட்கும் ஒரு கேள்வி: "நாலாவது வாரம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மூன்று நாளாகத் தலை சாய்த்துத் தூங்குகிறான். என்ன செய்வீர்கள்?" அன்பாக அணைப்பேன் என்பவர், கண்டிப்பேன் என்பவர், பெற்றோரை அழைப்பேன் என்பவர் என்று பல ரகம். "முதல்ல அவன் ராத்திரி எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்" என்று தொடங்குகிறவர் அரிதாக வருவார்.

பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில் விதிவிலக்கே கிடையாது. முன்னாள் ஆசிரியர் அல்லது முதலாளி இரண்டு பேரிடம் போனில் பேசுவது, காவல்துறைச் சரிபார்ப்பு, நடத்தை விதிகளில் கையெழுத்து. சரிபார்ப்பு வரவில்லை, ஆனால் பள்ளி திறந்துவிட்டது என்ற நெருக்கடி வரத்தான் செய்யும். வகுப்பு காலியாகவே இருக்கட்டும். சான்று வராமல் யாரும் உள்ளே போகக்கூடாது, அவர் உங்கள் நண்பரின் தம்பியாகவே இருந்தாலும்.

வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். இழுத்தடித்தால் அவர்கள் விடுதியில் உங்களைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்த வருடம் அந்த விடுதிக்குத்தான் போக வேண்டும்.

கடிதம் கொடுத்த பிறகு வரும் மாதங்கள்

புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடும் இடம் இது. வேலைக் கடிதம் போய்விட்டது, கையெழுத்து வந்துவிட்டது, கணக்கில் பச்சை நிறம் அடித்தாயிற்று. பள்ளி திறக்க நாலு மாதம் இருக்கிறது. அந்த நாலு மாதத்தில் ஒரு கம்பெனி கூப்பிடும், ஒரு உறவினர் "எதுக்கு இந்த வேலை?" என்பார், மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும். உங்களிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் குழுவும் "வாழ்த்துகள்" என்று ஒரு ஸ்டிக்கரும் மட்டும் போயிருந்தால் அவர் ஏன் நிற்க வேண்டும்?

எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்பதை முடிந்தவரை சீக்கிரம் சொல்லிவிடுங்கள். "ஒரு பள்ளிக்கு" வருவதாக ஒப்புக்கொண்டவர் சுலபமாக விலகுவார். ஏழாம் வகுப்பு பி பிரிவு, நாற்பத்தொரு பிள்ளைகள் என்று தெரிந்தவருக்கு விலகுவது கடினம். ஒருநாள் அழைத்துப் போய் அந்த வகுப்பில் பின்னால் உட்கார வையுங்கள், முதல் வேலையாகச் சொன்னேனே அந்த மூத்த ஆசிரியர், அவரோடு அறிமுகம் செய்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே போன் செய்யுங்கள், குறுஞ்செய்தி போதாது, குரலில்தான் தயக்கம் தெரியும். தயங்குகிறவரைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கண்ணியமாக விடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் பாடவாரியாக ஆள் வைத்திருந்தால் இதற்குப் பதற வேண்டியதில்லை. கணிதத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் எப்போதும் குட்டையாகவே இருக்கும், அங்கே மட்டும் முன்கூட்டியே கூடுதலாகச் சேர்த்து வையுங்கள்.

பள்ளி திறந்த பிறகு

பயிற்சியும் வழிகாட்டலும் வேறு குழுவின் பொறுப்பு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் நீங்கள் சேர்த்த ஒவ்வொருவருக்கும் மூன்றாவது மாதம் போன் செய்யுங்கள், முதல் மாதத்துப் பரபரப்பு அடங்கி, விடுமுறை இன்னும் வராத நேரம் அது. ஆசிரியர் மாறிக்கொண்டே இருப்பது பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்று நியூயார்க் நகரப் பள்ளிகளை வைத்து ரோன்ஃபெல்ட், லோப், வைக்காஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013இல் காட்டினார்கள். ஆசிரியர் மாறாத வகுப்புகளில்கூட அதன் பாதிப்பு தெரிந்தது. இருக்கிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கே நேரம் செலவழிக்க வேண்டியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் தவறாகச் சேர்த்த ஒருவருக்கான விலையைப் பக்கத்து வகுப்பும் கொடுக்கிறது.

நடுவில் போகிறவர்களோடு சண்டை வேண்டாம். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் குடும்பச் சூழ்நிலை என்பார்கள். நான் கேட்பது வேறு: "விட்டுவிடலாம் என்று முதன்முதலாகத் தோன்றிய நாள் எது, அன்று என்ன நடந்தது?" இதற்கு மழுப்ப மாட்டார்கள். தேதியோடு சொல்வார்கள், எந்தப் பிரிவேளை என்றுகூடச் சொல்வார்கள். ஒருவர் சொன்ன பதில், சேர்ந்து ஆறு வாரமாகியும் ஆசிரியர் அறையில் தனக்கென்று ஒரு நாற்காலி இல்லை என்பது. அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தின் ஒரு பக்கத் தாளை எழுத உட்காரும்போது அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், பள்ளிக்குப் போகும் அந்த அரை நாளில் நாற்காலியையும் எண்ணிவிட்டு வாருங்கள்.